மிஸ்டேக்கை அடித்துவிட்டு எரர் என்று எழுதினேன்

"ரெண்டும் ஒண்ணுதானே அண்ணா?" என்று கேட்டான் பையன். ஒன்றில்லை என்று நான் சொன்ன பதிலைத்தான் இரண்டு வருஷமாக மென்றுகொண்டிருக்கிறேன்.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வாங்கும் டிப்போ. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருந்தது. மூன்று நாளாக டி.ஆர்.சி., அதாவது பாலில் இருக்கிற உலர்ந்த ரப்பரின் சதவீதம், கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது, ஏன்? 40 கிலோ பாலுக்கு 35 சதவீதம் என்றால் 14 கிலோ ரப்பருக்குக் காசு. 38 என்று எழுதிவிட்டால் 15.2 கிலோவுக்கு. ஒரு ஆளுக்கு 1.2 கிலோ, காலையில் வரிசையில் நிற்கிற ஆட்களை நினைத்தால் சின்னக் கணக்கு இல்லை. சாம்பிளைக் காயவைத்து எடுத்த கணக்கில் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

அளவு பார்த்தது பையன்தான். பதிலை அவன் ஆங்கிலத்தில் தானே எழுதிக் கொண்டுவந்தான். 'மை மிஸ்டேக்' என்று இருந்தது. நான் பேனாவை எடுத்து அடித்துவிட்டு, மேலே 'எரர்' என்று எழுதினேன்.

"லே மக்கா, மிஸ்டேக்குன்னா நீ. எரர்னா கணக்கு. உன் தலையில நீயே எதுக்குத் தூக்கி வைக்க?"

அப்போது அது சரியாகத்தான் பட்டது. கம்ப்யூட்டர் திரையில் எரர் என்றுதானே வருகிறது, மிஸ்டேக் என்று வருவதில்லையே. ஆபீஸ் கடிதத்திலும் 'கிளரிக்கல் எரர்' என்று எழுதினால் யார் முகமும் தெரியாது. பையனைக் காப்பாற்றத்தான் செய்தேன், இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

நாகர்கோவிலில் பி.ஏ. ஆங்கிலம் படித்தவன் நான். பிட் கார்டர் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர் 1967இல் எழுதிய கட்டுரை ஒன்றைப் பற்றி வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். பரீட்சைக்குப் படித்து, பரீட்சையோடு மறந்தது. அவர் கணக்கில் மிஸ்டேக் என்பது அசதியிலோ மறதியிலோ வாய் தவறுவது. சரியானது எது என்று ஆளுக்குத் தெரியும், சுட்டிக்காட்டினால் தானே திருத்திக்கொள்வான். எரர் அப்படியில்லை. விதியே தெரியாததால் வருவது. அதனால் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும். கற்றுக்கொள்கிறவன் எதுவரைக்கும் கற்றிருக்கிறான் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

அதாவது, நான் பையனிடம் சொன்ன அர்த்தம் வேறு, இது வேறு. இந்த அர்த்தத்தில் எரர் என்று எழுதிக் கொடுத்தால், எனக்கு வேலை தெரியாது என்று எழுதிக் கொடுத்த மாதிரி.

கடிதம் போன மறுநாள் இரவுதான் இது ஞாபகம் வந்தது. கூடவே இன்னொன்றும். கடிதம் எழுதுவதற்கு முன்னால் அவன் தமிழில் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "தெரியாம நடந்து போச்சு அண்ணா." நாம் எல்லோரும் சொல்வதுதான். பஸ்ஸில் காலை மிதித்தாலும் தெரியாமத்தான், சட்டம் தெரியாமல் அபராதம் கட்டினாலும் தெரியாமத்தான். தப்பு, தவறு, பிழை, பிசகு, மார்த்தாண்டம் தாண்டினால் தெற்று என்று எங்கள் ஊரில் வார்த்தைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த 'தெரியாம' இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது. நான் கைப்பிசகு என்று எடுத்துக்கொண்டேன். அவன் உள்ளபடியே தெரியாது என்றுதான் சொல்லியிருக்கிறான்.

கைப்பிசகு என்றால் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். மூன்று நாளும் கூடத்தான் செய்தது. டி.ஆர்.சி. பார்க்க மிதக்கவிடும் கருவிதான் மெட்ரோலாக். அதைப் பாலில் விட்டதும் நுரை அடங்கும் வரை பொறுக்க வேண்டும், அல்லது ஊதித் தள்ள வேண்டும். நுரையின் மேல்மட்டத்தில் பார்த்தால் அளவு கூடுதலாகத்தான் காட்டும். அவன் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஏனென்றால் அவனுக்கு யாரும் நுரையைப் பற்றிச் சொல்லவில்லை.

சொல்லிக் கொடுத்தது நான். அன்றைக்கு மழை வேறு, வண்டி நின்றுகொண்டிருந்தது, பத்து நிமிஷத்தில் காட்டிவிட்டுப் போய்விட்டேன். நுரை சொன்னேனா? சொன்ன மாதிரியும் இருக்கிறது. மற்றவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன், ஆகவே இவனுக்கும் சொல்லியிருக்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் நான் போட்ட வார்த்தை சரியானதுதான். அவனுக்கு எரர், எனக்கு மிஸ்டேக். ஆனால் எழுதும்போது எனக்கு இது தெரியவே தெரியாதா? அவன் 'மை மிஸ்டேக்' என்று எழுதியதைப் பார்த்ததும் என் கை ஏன் அவ்வளவு வேகமாக அடித்தது? பாவம் பார்த்தா, இல்லை மேலிடம் தோண்டாமல் இருக்கட்டும் என்றா? இரண்டாவது என்றால் நான் தேர்ந்தெடுத்த வார்த்தை படு முட்டாள்தனம். எரர் என்று கண்டவர்கள்தான் தோண்டுவார்கள்.

தோண்டவும் செய்தார்கள். நான்காம் நாள் போன் வந்தது. பையனை அளவு பார்க்கும் வேலையிலிருந்து மாற்றி, டிரம் ஏற்றப் போடச் சொன்னார் அதிகாரி. அப்புறம் கேட்டார்:

"அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு?"

"பழைய ஆளுதான் சார்" என்றேன்.

பொய்யில்லை. அங்கே எனக்கு 11 வருஷம்.