பிட்ச் பத்து நிமிடம், பேப்பர் வேலை பல மாதம்

திருப்பூரில் நிட்டிங் மெஷின்களில் மாட்டும் ஒரு கேமரா கருவிதான் எங்கள் தயாரிப்பு. ஊசி உடைந்தால் துணியில் நீளவாக்கில் கோடு விழும். பல நேரம் சாயம் ஏறிய பிறகுதான் அது கண்ணில் படும். அதற்குள் ரோல் ரோலாகத் துணி வீண். கோடு விழுந்ததுமே மெஷினை நிறுத்திவிடும் எங்கள் கருவி. தொழிலை விரிவாக்க 1.5 கோடி ரூபாய் கேட்டு தொடக்கநிலைக் கம்பெனிகளில் சொந்தப் பணம் போடும் ஏஞ்சல் முதலீட்டாளர்களிடம் போனோம்.

பத்து நிமிடம் பேசவிட்டார்கள். அப்புறம் கேள்விகள். கேமரா எப்படி வேலை செய்கிறது என்று யாரும் ரொம்ப நோண்டவில்லை. "கூலிக்குத் துணி பின்னித் தரும் ஜாப் ஒர்க் யூனிட்காரர் உங்களுக்கு எப்போது பணம் தருவார்?" என்றார் ஒருவர். நூல் வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். அந்த ஊரின் கடன் வழக்கம் அவருக்குத் தெரியாதா? கருவியை விற்காமல் மாத வாடகைக்கு, அதுவும் முன்பணம் வாங்கித்தான் கொடுக்கிறோம் என்று இன்வாய்ஸ்களை எடுத்து வைத்தோம். சந்தை அளவு பற்றிய ஸ்லைடைவிட அந்தக் காகிதங்கள்தான் பேசின. அவரே லீட் எடுக்க, அதாவது முதல் ஆளாகப் பெரிய தொகை போட்டு நிபந்தனை பேச, ஒத்துக்கொண்டார். லீட் ஒருவர் அமைந்தால்தான் மற்றவர்கள் சின்னச் சின்னத் தொகையோடு சேருவார்கள்.

முதலீட்டு நிபந்தனைகளை எழுதிய டெர்ம் ஷீட் வந்தது. ப்ரீ மணி வேல்யூவேஷன், அதாவது முதலீடு வருவதற்கு முன் கம்பெனிக்குப் போடும் மதிப்பு, 6 கோடி. 1.5 கோடி சேர்ந்தால் 7.5 கோடி, ஆக 20 சதவீதம் அவர்களுக்கு. சரி, நியாயம்தான் என்று தோன்றும். அடுத்த வரியைப் பாருங்கள்: ஊழியர்களுக்குப் பங்காகக் கொடுக்க ஒதுக்கி வைக்கும் ஈசாப் பூல் 10 சதவீதம், அது ப்ரீ மணிக்குள்ளேயே அடங்கும். அதாவது அந்த 75 லட்சம் மதிப்பும் எங்கள் பங்கிலிருந்துதான் போகும். எங்களுக்கு மிஞ்சுவது 70 சதவீதம். உண்மையான ப்ரீ மணி 5.25 கோடிதான். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, எல்லோரும் கேட்பதுதான். அடுத்த ஒன்றரை வருடத்தில் யார் யாரை வேலைக்கு எடுப்போம் என்று ஒரு பட்டியல் போட்டுக் காட்டினோம். பூல் 6 சதவீதத்துக்கு இறங்கியது. மொத்த வேல்யூவேஷனை வைத்து மல்லுக்கட்டுவதைவிட இந்த வரியில் பேரம் பேசுவது எவ்வளவோ சுலபம். நிறுவனர்களான எங்கள் பங்குக்கும் நான்கு வருட வெஸ்டிங் போட்டார்கள்: பங்கு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எங்களுக்குச் சொந்தமாகும், பாதியில் போனால் மீதி கிடைக்காது. கூட்டாளிக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். எனக்கு அது சரியாகவே பட்டது: நாளை நானே பாதியில் கிளம்பிவிட்டால் அவருக்குத்தானே பாதுகாப்பு?

பணம் போடும் முன் கம்பெனியின் கணக்கு வழக்கைத் துருவிப் பார்க்கும் ட்யூ டிலிஜென்ஸ்தான் ஆளைத் தின்றது. ஜிஎஸ்டி ரிட்டர்ன், வாடிக்கையாளர் ஒப்பந்தங்கள், ஃப்ரீலான்ஸராக மென்பொருள் எழுதிக் கொடுத்த பையனிடம் உரிமை மாற்றக் கடிதம், இப்படி நீண்டுகொண்டே போனது.

நியாய மதிப்பைவிட அதிக விலைக்குப் பங்கு விற்றால் அந்தக் கூடுதல் தொகைக்குப் போட 2012-இல் வந்த ஏஞ்சல் வரியை 2024 ஜூலை பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள், அந்தத் தலைவலி இல்லை. ஆனால் கம்பெனிச் சட்டப்படி பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை இன்னமும் வேண்டும். பணம் தனி வங்கிக் கணக்கில்தான் வர வேண்டும். வந்த பிறகும் கை வைக்க முடியாது: பங்கு ஒதுக்கி, அதைக் கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் பாஸ்-3 படிவத்தைத் தாக்கல் செய்த பிறகுதான் செலவழிக்கலாம். அந்த மாதச் சம்பளத்தை வாடகை வரவிலிருந்துதான் கொடுத்தோம். ஆகவே கையில் சில மாதச் செலவுக்குப் பணம் இருக்கும்போதே முதலீடு தேடத் தொடங்கிவிடுங்கள்.