ஒரு நாளைக்கு மூன்று அட்டை போதும்

வீட்டிலேயே படிக்கும் பிள்ளைக்கு மனப்பாடம் கசந்துபோவது பெரும்பாலும் முதல் வாரத் திணிப்பால்தான். நாளுக்குப் புதிய கேள்வி அட்டை மூன்று, ஓர் அட்டைக்கு ஒரே கேள்வி. முன்பக்கம் 'பழைய பாம்பன் ரயில் பாலம் திறந்த ஆண்டு?', பின்பக்கம் 1914. தனுஷ்கோடியைப் புயல் அழித்த 1964-ஐ அதே நாளில் கொடுக்காதீர்கள். 14-ம் 64-ம் குழம்பும்.

புதிய அட்டையை 1, 3, 7, 16, 35 நாள் கழித்துத் திரும்பக் கேட்க வேண்டும். தவறினால் மறுபடி முதலிலிருந்து. ஐந்து வாரம் கடந்ததும் புதியது 3, பழையது 15 என்று தினம் 18 அட்டை வரும். கால் மணி நேர வேலை. நாளுக்கு ஆறு புதிய அட்டை என்று தொடங்கினால் அதுவே 36; பிள்ளை கடற்கரைக்கு ஓடிவிடும்!

கணக்கு வைக்க ஒரு 40 பக்க நோட்டு போதும். தேதி, கேட்டது, சரியானது என்று மூன்றே கட்டம். ஐந்து விநாடிக்குள், யாரும் எடுத்துக்கொடுக்காமல் சொன்னால்தான் 'சரி'. முதல் எழுத்தை அம்மா வாயசைத்துக் காட்டுவதில்தான் பாதிக் கணக்கு பொய்யாகிறது. பழைய 15-ல் 'சரி' 12-க்குக் கீழே மூன்று நாள் தொடர்ந்தால் புதிய அட்டையை நிறுத்துங்கள். விட்டுப்போன நாளுக்கு மறுநாள் இரட்டிப்பு வேண்டாம். பழையதை மட்டும் தீர்க்கவும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகும் அப்பா அப்போது வீட்டில் இருந்தால் அவரே கேட்கட்டும். அட்டையைக் கலைத்துப் போட்டுக் கேட்டால், வரிசையை வைத்து ஒப்பித்தது தெரிந்துவிடும்.

உப்புக்காற்றில் அட்டை நமுத்துப்போகும். மூடியுள்ள பிஸ்கட் டின்னில் வையுங்கள்.