பாண்டியில் இரண்டு பாட்டிலும் ஒரு ஆட்டோவும்

முதலில் அந்த ஆட்டோக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மனசு ஆறாது. பாண்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து கடற்கரைக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும். 300 ரூபாய் கேட்டார், பேரம் பேசி 250. இறங்கும்போது "லக்கேஜ் இருக்குல்ல" என்று இன்னொரு 50. தோளில் தொங்கிய ஒரே ஒரு பைக்கு! கம்பத்திலிருந்து ராத்திரி முழுக்க முன்சீட்டில் முழங்கால் இடிக்க வந்தவனுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. இரண்டு நாளுக்கு வைத்திருந்ததே 3,000 ரூபாய்.

பள்ளித் தோழன் ஒருவன் ஒயிட் டவுன் பக்கம் ஓட்டல் பாரில் வேலை பார்க்கிறான். அவனோடு சாயங்காலம் கடைக்குப் போனேன். நம் ஊரில் ஒயின்ஷாப் என்று பெயர்தான்; ஒயின் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். இங்கே அலமாரி நிறைய நிற்கிறது. 400 ரூபாய்க்கு ஒன்று, 2,200 ரூபாய்க்கு ஒன்று, இரண்டும் அதே 750 மில்லி. எனக்குக் கோபமே வந்தது. "ரெண்டும் திராட்சைதானடா? திராட்சைப் பந்தல் போட்ட வீட்டுக்காரன்கிட்டயே கதை விடுறியா?"

விலையில் சின்னதை நான் வாங்கினேன், பெரியது அவன் செலவு. அறைக்கு வந்து இரண்டு டம்ளரில் ஊற்றினான்.

"மாப்ள, பந்தல்ல கொத்து கொத்தாத் தொங்கினா உங்கப்பா என்ன சொல்வார்?"

"இந்த வாட்டி கடன் அடைஞ்சிரும்பார்."

"உசந்த ஒயினுக்கு வளர்க்கிறவன் காய் பச்சையா இருக்கறப்பவே கொஞ்சம் கொத்தை வெட்டிக் கீழ போட்டுருவான். செடியோட சத்து மொத்தமும் மிச்சக் கொத்துக்குப் போகணும்னு."

காயை வெட்டிப் போடுவதா! அப்பா கேட்டால் அரிவாளோடு வருவார். எங்கள் பன்னீர் திராட்சைகூட வெளிநாட்டில் மஸ்கட் ஹாம்பர்க் என்று சொல்வதுதான். கம்பத்தில் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பந்தலில் அறுப்பு நடக்கும். பிரான்சில் வருஷத்துக்கு ஒரே அறுப்பு.

மலிவு ஒயினுக்கு எடைதான் கணக்கு. பெரிய தோட்டங்களில் மெஷினே வரிசையை உலுக்கிப் பழத்தைக் கொட்டிக்கொள்ளும். ஸ்டீல் தொட்டியில் புளிக்க வைத்துச் சில மாதத்தில் பாட்டிலுக்குப் போய்விடும். ஓக் மரத்தின் வாசனை வேண்டுமா? ஓக் சில்லுகளைப் பையில் கட்டி, டீ பேக் மாதிரி தொட்டிக்குள் ஊறப் போடுகிறார்கள். இது எனக்கு ரொம்பப் பிடித்தது, நம்ம ஊர் மூளை.

உசந்ததில் பழத்தைக் கையால் பறித்து, சொத்தையைப் பொறுக்கி எடுத்து, பிரெஞ்சு ஓக் பீப்பாயில் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் வைக்கிறார்கள். பிரான்சில் ஒயினுக்குப் பேர்போன போர்தோ பக்கத்துப் பீப்பாய் ஒன்றில் 225 லிட்டர், அதாவது 300 பாட்டில். மரத்தின் வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். அவ்வப்போது ஊற்றி நிரப்ப வேண்டும். மூன்று நாலு தடவை புது ஒயின் வைத்து எடுத்த அப்புறம் பீப்பாயில் வாசனை அநேகமாகத் தீர்ந்துவிடும். அத்தனை நாளும் போட்ட காசு உள்ளேயே முடங்கிக் கிடக்கும். பிறகு வரி, பெயர், கனமான பாட்டில் என்று விலை ஏறுவது தனிக்கதை. "பாட்டில் அடியில குழி ஆழமா இருந்தா ஒசத்தின்னு நம்பாத, திருகு மூடின்னா மட்டம்னும் நினைக்காத" என்றான்.

குடித்துப் பார்த்தேன். சின்னது இருமல் மருந்து மாதிரி தித்தித்தது. பெரியது நாவல்பழம் தின்றது போல் நாக்கை இழுத்துப் பிடித்தது. தோலும் கொட்டையும் தரும் துவர்ப்பாம். விழுங்கிய பிறகும் ரொம்ப நேரம் வாயில் என்னவோ இருந்துகொண்டே இருந்தது. ஆனால் முதல் டம்ளரில் எனக்குப் பிடித்தது 400 ரூபாய்தான். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

மறுநாள் மீனவர் குப்பம் ஒன்றின் பக்கத்து மெஸ்ஸில் 130 ரூபாய்ச் சாப்பாடு. சுறாப்புட்டு, நெத்திலி வறுவல், மாங்காய் போட்ட மீன்குழம்பு. புட்டில் சின்ன வெங்காயமும் பூண்டும் சரிபாதி. இரண்டாம் முறை சோறு கேட்டபோது அந்த அக்கா முகம் சுளிக்காமல், "தம்பி, குழம்பை நல்லா ஊத்திக்க" என்றார். இந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்கு மேல் கிடைத்தது இங்கேதான்.

திரும்பும்போது எல்லைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்திப் பையைத் துழாவினார்கள். அந்த 2,200 ரூபாய் பாட்டில் அகப்பட்டது.

"காலி பாட்டில் சார். அம்மா நல்லெண்ணெய் ஊத்தி வெச்சுக்குவாங்க."

போலீஸ்காரர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார், இன்னொரு தரமும் மோந்தார். "நல்ல சரக்குதான் போல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.