கூடலூர் மழையும் மண் சுவரும்

ஜூன் பிறந்தால் கூடலூர் பக்கம் மண் வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே புலம்பல்: பூஞ்சை. உடனே "சிமெண்ட் பூசிடுங்க" என்று யோசனை சொல்ல நாலு பேர் வந்துவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். மண் சுவர் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், காற்று காய்ந்ததும் விட்டுவிடும். மேலே சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் ஏறினால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு உப்பிப் பொருக்காக உதிரும். சுண்ணாம்பு அடித்தால் சுவர் மூச்சுவிடும். அதன் காரத்தில் பூஞ்சையும் சட்டென்று பிடிக்காது.

அதற்காக மண் சுவர் எல்லாவற்றையும் தாங்காது. அறையில் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை வரத்தான் செய்யும். எங்கள் வீட்டில் முதலில் பிடிப்பது பீரோவுக்குப் பின்னால்தான். சாம்பல் பச்சையில், தொட்டால் மாவு மாதிரி ஒட்டும். இப்போது பீரோ சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது. வீட்டுக்குள் கொடி கட்டி ஈரத்துணி காயப்போடுவதுதான் பெரிய வில்லன். இதை அம்மாவிடம் சொன்னால், "அப்போ நீயே மழையில காயப்போடு" என்பார்.

அப்புறம், இறவாரத் தண்ணீர் அடிச்சுவரில் தெறிக்கிறதா என்று மழைக்கு முன்பே பாருங்கள். பூஞ்சை வந்துவிட்டால் காய்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், வீடு முழுக்கப் பறக்கும். மூக்கைக் கட்டிக்கொண்டு ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.