உப்பும் அயடீனும்

தைரொயிட் புற்றுநோய்க்குக் கதிரியக்க அயடீன் எடுத்துக்கொண்டு திருகோணமலை உப்புவெளிக்குத் திரும்பிய அயல்வீட்டு மாமி, வாசற்படியிலேயே நின்று, "தம்பி, பேரனைத் தூக்கலாமோ?" என்று கேட்டார். அந்தக் கதிரியக்க அயடீன் (அயடீன்-131) ஏறத்தாழ 8 நாளில் பாதியாகத் தேய்வதோடு சிறுநீரிலும் உமிழ்நீரிலும் வெளியேறுவதால், மருத்துவர் குறித்த நாள்வரை தனிப் படுக்கை, தனிக் கோப்பை, நிறையத் தண்ணீர். பேரன் மட்டும் தள்ளியே இருக்கட்டும் என்றேன்.

கூடங்குளம் அணுமின் நிலையத்தில் விபத்து ஏதும் நடந்து கதிரியக்க அயடீன் பரவினால் உப்பைக் கூட்டிச் சாப்பிடலாமா என்றார் மாமா. உப்புவெளிக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். சமையல் உப்பிலுள்ள அயடீன் அதற்குக் காணாது. வளர்ந்தவருக்கு 130 மில்லிகிராம் பொட்டாசியம் அயடைட்டை, அதிகாரிகள் அறிவித்தால் மட்டும், கதிரியக்க அயடீன் உடலுக்குள் போகச் சற்று முன்போ, பின் சில மணி நேரத்துக்குள்ளோ கொடுத்தால்தான் தைரொயிட் முன்கூட்டியே நிரம்பி அதை உள்ளே விடாது. 1986இல் செர்னோபில் அணு உலை விபத்தின்போது சுற்றியிருந்த பிள்ளைகளுக்குக் கதிரியக்க அயடீன் பெரும்பாலும் பாலில்தான் வந்தது என்றதும், மாமா தன் பால்தேநீரைச் சந்தேகத்தோடு பார்த்தார்.