குழந்தை யாரிடம், பொறுப்பு யாரிடம்?

ஜூன் 3

பிரிந்த கணவருடன் தோழியின் கஸ்டடி வழக்கு, அதாவது பிள்ளை யாரிடம் வளர்வது என்ற வழக்கு, தொடங்கிவிட்டது. அவளுக்காகச் சட்டங்களையும் தீர்ப்புகளையும் படிக்கிறேன். இன்று கொஞ்சம் வரலாறு. 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதி வரை இங்கிலாந்தில் பெற்றோர் பிரிந்தால் குழந்தை அப்பாவுக்குத்தான். அம்மா போய்ப் பார்ப்பதற்குக்கூடச் சட்டம் துணை நிற்காது. தன் மூன்று மகன்களையும் கணவர் எடுத்துக்கொண்டபோது, எழுத்தாளர் கரோலின் நார்ட்டன் துண்டறிக்கைகள் எழுதிப் போராடினார். அதன் பிறகே, 7 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தன்னிடம் விடும்படி தாய் மனுப் போடலாம் என்று 1839-இல் சட்டம் வந்தது. மனுப் போடலாம், அவ்வளவுதான். கிடைப்பது நீதிபதியின் முடிவு.

ஜூன் 4

இப்போது பெரும்பாலான நாடுகளில் அளவுகோல் ஒன்றுதான்: குழந்தையின் நலன். பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1973-இலேயே சொல்லிவிட்டது. இருந்தும் வழக்குக்குப் போகிறவர்கள் "ஜெயிச்சாச்சா?" என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

ஜூன் 9

தோழி போனில் அழுதாள். பிள்ளை கணவரிடம் போய்விட்டால் தான் யாரோ ஆகிவிடுவோம் என்று பயப்படுகிறாள். இந்தப் பயத்துக்கு ஒரு பதில் இருக்கிறது. பிள்ளை எந்த வீட்டில் வளர்வது என்பது ஒரு கேள்வி. எந்தப் பள்ளி, அறுவை சிகிச்சைக்குச் சம்மதமா, பெயரை மாற்றலாமா, வெளிநாடு கூட்டிப்போகலாமா என்பதெல்லாம் வேறு கேள்வி. இங்கிலாந்தின் 1989-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டாவதைப் பெற்றோர் பொறுப்பு என்று தனியாக வைத்தது. மணமுறிவு வந்தாலும் அது போகாது. பிள்ளை ஒருவருடனே வசிக்க வேண்டும் என்று உத்தரவு இருந்தாலும், மற்றவரின் எழுத்துபூர்வமான சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் அவர் பிள்ளையின் குடும்பப் பெயரை மாற்ற முடியாது. யாருடன் வசிப்பது, மற்றவரை எப்போது சந்திப்பது என்று தனித்தனியாக இருந்த உத்தரவுகளையும் 2014-இல் ஒன்றாக்கிவிட்டார்கள். எனக்கு இது சரியாகப் படுகிறது. ஒருவருக்கு வெற்றி, மற்றவருக்கு வார இறுதி என்ற நினைப்பை அது கொஞ்சமாவது குறைக்கும். அடிப்பவருக்கும் மிரட்டுபவருக்கும் இதே தாராளம் கூடாது. அங்கே பாதுகாப்புதான் முதலில்.

ஜூன் 10

"உனக்கு யார் வேணும்?" என்று பிள்ளையிடம் கேட்கச் சொல்லி உறவினர்கள் நெருக்குகிறார்களாம். கேட்கவே கூடாது என்று சொல்லிவிட்டேன். தன் வாழ்க்கையைத் தொடும் விஷயங்களில் குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் தக்கபடி அதற்கு மதிப்புத் தர வேண்டும் என்கிறது 1989-ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை. கருத்துக் கேட்பது வேறு, தீர்ப்பையே பிள்ளையின் தலையில் கட்டுவது வேறு. நீதிபதி தன் அறையில் பிள்ளையோடு தனியாகப் பேசும்போது, ஒரு பெற்றோர் மற்றவரைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளும் பிள்ளையின் வாயில் வரலாம். அதைக் கண்டுகொள்ளத்தான் அந்தத் தனிப் பேச்சே.

ஜூன் 16

வழக்கறிஞரிடம் கொடுக்க இன்று தோழியும் நானும் உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதினோம். பிள்ளையை ஒப்படைக்கும் இடம், நேரம். தேர்வு நாட்களில் என்ன ஏற்பாடு. விடுமுறையில் பாதிப் பாதியா. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யார் யாருக்குத் தகவல் சொல்வது. வீடியோ அழைப்பையும் சேர்த்தோம். கஸ்டடி இல்லாத பெற்றோர் தினமும் 5 முதல் 10 நிமிடமாவது பிள்ளையோடு பேச வழி வேண்டும் என்று 2020-இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த வரியை எழுதும்போது தோழி, "பிள்ளை என்கிட்ட இருந்தா, அவருக்கும் இதே நேரம்னு போடு" என்றாள். போட்டேன்.

கஸ்டடி உத்தரவு கடைசி வார்த்தை அல்ல. பிள்ளை வளர்ந்து சூழ்நிலை மாறினால் மறுபடி போய்க் கேட்கலாம். அதையும் அவளிடம் சொல்லிவிட்டேன். அடுத்த வாய்தா 27-ஆம் தேதி.