முதலில் ஒரு கணினி மட்டும்

"இந்தக் கணினி விண்டோஸ் 11க்குத் தகுதியற்றது." ஓர் அலுவலகத் திரையில் இன்று இந்தச் செய்தி. உடனே புதுசு வாங்கப் பேச்சு.

பொறுங்கள்.

விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி பல கணினிகளில் இருக்கும், பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளில்) அணைந்து கிடக்கும். இன்டெலில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். அதை இயக்கப் பயாஸைத் தொடுமுன், வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மாற்றியபின் கணினி அதைக் கேட்டால், சாவி இல்லாமல் கோப்புகள் திறக்காது.

செயலியே (ப்ராசஸர்) பழசென்றால் கணினியை மாற்றத்தான் வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது.

எல்லாக் கணினிகளிலும் ஒரே நாளில் விண்டோஸ் 11 ஏற்றாதீர்கள். காப்பு நகல் எடுத்து, ஒன்றில் மட்டும் ஏற்றுங்கள். கணக்கு மென்பொருள், ஸ்கேனர், முக்கியமாகப் பழைய பிரிண்டர்: மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். சிக்கலென்றால் 10 நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம். அதுவரை, இடம் பிடிக்கிறதென்று, பழைய விண்டோஸ் இருக்கும் 'விண்டோஸ்.ஓல்டு' கோப்புறையை அழிக்காதீர்கள்.